முத்தமிழ் வேகமாகச் சாப்பிடுகிறாள்

ஜேசிபி எங்கள் தெருவுக்குள் நுழைந்த திங்கட்கிழமை அங்கன்வாடியில் எந்த வேலையும் நடக்கவில்லை. குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதை எங்கள் வாசலுக்கு எதிரிலிருந்து தொடங்குவார்கள் என்றுதான் யாரும் சொல்லவில்லை. யானைப் பாட்டு பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் யானையைப் பாதியில் விட்டுவிட்டுக் கம்பிக் கதவுக்கு ஓடிவிட்டார்கள்.

நான் வளர்மதி. குன்னத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இந்த ஊரில் அங்கன்வாடி டீச்சர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பெரியவர்களிடம்தான் வரும், பிள்ளைகளிடம் வராது. அன்றைக்கு அவர்களை அதட்டி உட்கார வைக்க எனக்கு மனமே இல்லை. அந்த மஞ்சள் கை மேலே எழுந்து, மடங்கி, செம்மண்ணை வாரி ஓரமாகக் கொட்டுவதைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நானும் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதவியாளர் சிந்தாமணி அக்கா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அது எங்கப்பா," என்றாள் முத்தமிழ்.

முத்தமிழுக்கு நான்கு வயது. மார்கழி பிறந்த பிறகுதான் சேர்ந்தாள். அப்பாவுக்கு இந்தப் பக்கம் வேலை கிடைத்ததால் செந்துறையிலிருந்து வந்து, ஊருக்கு வெளியே காட்டுக்கொட்டகை ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். அம்மா புவனேஸ்வரி கொண்டு வந்து விடுவாள், அம்மாவே வந்து கூட்டிப் போவாள். அப்பாவை நான் பார்த்ததில்லை. முத்தமிழிடம் எனக்கு மிகப் பிடித்தது அவள் சாப்பிடும் வேகம். மற்ற பிள்ளைகள் கேரட்டைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போதே இவள் தட்டு கழுவி வைத்தது போல இருக்கும். "முத்தமிழைப் பாருங்க, எப்படிச் சாப்புடுறா" என்று நான் தினமும் எல்லோருக்கும் சொல்வேன்.

"பொய்யி," என்றான் தமிழழகன். ஜூன் வந்தால் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவன், அந்தத் திமிர் அவனுக்கு உண்டு. "உங்கப்பா ஜேசிபி ஓட்டுனா ஏன் உன்னைய அதுல ஏத்திட்டு வரல?"

"வெள்ளிக்கிழம பொங்கலுக்கு வருவாரு. ஜேசிபியிலயே வருவாரு. டீச்சர், எங்கப்பா வருவாருதானே?"

வெள்ளிக்கிழமை அங்கன்வாடியில் பொங்கல் வைக்கிறோம், அம்மா அப்பா எல்லோரும் வரவேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் என் வாயையே பார்த்தார்கள்.

"கண்டிப்பா வருவாரு. நானே போய்க் கூப்புடறேன்," என்றேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

சாயங்காலம் ரோட்டோரம் போனேன். அறுவடை முடிந்து தார் ரோட்டில் பாதிக்கு மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஜேசிபி நின்றிருந்தது. பக்கத்தில் ஒருவர் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். முத்தமிழின் டீச்சர் என்றதும் கைகூப்பினார். துண்டு கொஞ்சம் நழுவியது. நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்து என்று எங்கும் சதைக் கட்டிகள், சுண்டைக்காய் அளவிலும் நெல்லிக்காய் அளவிலும். ஒரு கண்ணை இமைமேல் இருந்த கட்டி பாதி மூடியிருந்தது. நான் திடுக்கிட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"மீச மொளைக்கிற வயசுலேர்ந்தே இப்படித்தாங்க. நரம்புல வளர்ற கட்டி. திருச்சி ஆஸ்பத்திரியில காட்டியாச்சு. வலிக்காது, யாருக்கும் ஒட்டாது. வெட்டுனா திரும்ப வரும்னு சொல்லிட்டாங்க," என்றார். தினமும் யாருக்காவது சொல்லிப் பழகிய பேச்சு அது.

பெயர் அழகேசன். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தறேங்க. வண்டிக் கையத் தூக்கிக் காட்டுறேன். ஆனா எறங்க மாட்டேன்."

"ஏன்?"

"எங்க ஊர்ல எல்லாருக்கும் பழகிப்போச்சுங்க. இங்க நான் பைக்ல போனாலே புள்ளைங்க உள்ளார ஓடுதுங்க. எம் பொண்ணு முன்னாடி அதுங்க கத்துச்சுன்னா? அவளுக்கு எம் மூஞ்சி மூஞ்சிதாங்க. அதுல ஒண்ணு இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. அது தெரியற அன்னிக்கு நான் எதுக்க நிக்கக் கூடாதுங்க, டீச்சர்."

 என் வாய் அடங்கவில்லை. "நீங்க எறங்கணும். கத்தாம பாத்துக்கறது என் வேலை," என்று சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் எப்படி என்று வீடு வந்து சேரும் வரை எனக்கே தெரியவில்லை.

அன்றிரவு எனக்கு வந்த யோசனைகளில் பாதி மோசமானவை. பாகற்காயைக் காட்டி, மேலே கரடுமுரடாக இருந்தாலும் நல்லது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். ஒரு மனுஷனைக் காய்கறியாக்க எனக்கு என்ன உரிமை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதோடு, எங்கள் பிள்ளைகளில் பாகற்காயை நல்லது என்று ஒத்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

மறுநாள் நேராகவே பேசினேன். "சில பேருக்கு முடி சுருட்டையா இருக்கும். சில பேரு கண்ணாடி போட்டிருப்பாங்க. சில பேருக்குக் கை ஒண்ணுதான் இருக்கும். சில பேருக்கு மூஞ்சியில கட்டி கட்டியா இருக்கும். முதல்முதலா பாத்தா நமக்கு ஒரு மாதிரி இருக்கும். அது தப்பு இல்ல. அதுக்கப்புறம் என்ன பண்ணணும்?"

"ஓடணும்," என்றான் தமிழழகன்.

"ஓடக்கூடாது. கண்ணப் பாத்து வணக்கம் சொல்லணும். பேரு கேக்கணும். இது என்னன்னு தெரியணும்னா மெதுவா கேக்கலாம். அவங்களுக்குப் புடிச்சா சொல்லுவாங்க."

அப்புறம் நடந்ததை நான் பாடம் என்று சொல்ல முடியாது, திருவிழா என்றுதான் சொல்லவேண்டும். சிந்தாமணி அக்கா முகத்தில் கோதுமை மாவைப் பூசிக்கொண்டு கதவைத் தட்டுவார். ஒவ்வொரு பிள்ளையாகப் போய் வரவேற்க வேண்டும். நர்மதா வணக்கம் என்று சொல்லிவிட்டு அக்காவின் புடவைக்குள்ளேயே ஒளிந்துகொண்டாள். ஒருத்தி "உங்க பேரு என்ன" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தன் பெயர், தம்பி பெயர், ஆட்டுக்குட்டி பெயர் எல்லாம் ஒப்பித்தாள். தமிழழகன் மாவைத் தொட்டு நக்கிப் பார்த்தான். எல்லோரும் மறுபடி மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். நான் உச்சி குளிர்ந்து போனேன். இதைவிட என்ன வேண்டும், வெள்ளிக்கிழமை ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டில் அந்த நினைப்பு மண்ணாய்ப் போனது.

முத்தமிழ் வழக்கம் போல அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். புரையேறிவிட்டது. முதுகைத் தடவித் தண்ணீர் கொடுத்தேன். "மெதுவா சாப்புடு தங்கம், யாரு துரத்துறா?" என்றேன்.

"பைக் பூச்சாண்டி," என்றாள்.

"யாரு?"

"லேட்டா சாப்புட்டா பைக் பூச்சாண்டி வந்து மூட்டையில போட்டுட்டுப் போயிரும். மூஞ்சி பூரா உருண்ட உருண்டையா இருக்குமாம். தமிழழகன் பாத்திருக்கான். நான் பாத்ததே இல்ல." கண்ணில் புரையேறிய தண்ணீர் நிற்கவில்லை. "ஆனா எனக்குப் பயம் இல்ல டீச்சர். பூச்சாண்டி வந்தா எங்கப்பா ஜேசிபியில அப்படியே தூக்கிப் போட்டுருவாரு."

என் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். சிந்தாமணி அக்காவைப் பார்த்தேன். 

"நானும் ரெண்டொரு வாட்டி சொல்லிட்டேன் டீச்சர்," என்றார் மெல்ல. "ஊர்ல எல்லாரும் சொல்றாங்களேன்னு. அது யாருன்னு எனக்கு என்ன தெரியும்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் ஊரில் அம்மாக்கள் சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றுதான் சோறு ஊட்டுவார்கள். நிலா, நாய், பஸ் எதையாவது காட்டி ஒரு வாய் வைப்பார்கள். வேலை முடிந்து அழகேசன் பைக்கில் வீட்டுக்குப் போவதும் அதே நேரம்தான். துண்டு காற்றில் விலகியிருக்கும். "அந்தா போறான் பாரு பூச்சாண்டி, வாயைத் தொற, இல்லன்னா புடிச்சுக் குடுத்துருவேன்." ஒருத்தி சொல்லி, அதைக் கேட்டு இன்னொருத்தி சொல்லி, ஊர் முழுவதும் அந்த மனுஷனைக் காட்டித்தான் சோறு இறங்கிக்கொண்டிருந்தது. நான் மெச்சிக்கொண்ட முத்தமிழின் வேகமும் அதில்தான் வந்தது. தன் அப்பாவுக்குப் பயந்து அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள். அது தன் அப்பா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அவர் இறங்கினால் தமிழழகன் ஒரு சொல் சொல்வான். அந்த ஒரு சொல் போதும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. புதன்கிழமை, சிந்தாமணி அக்கா பிள்ளைகளைப் பின்பக்கம் விளையாடக் கூட்டிப் போயிருந்தபோது, சத்துமாவுப் பாக்கெட் வாங்க அம்மாக்கள் வந்தார்கள், புவனேஸ்வரி மட்டும் வரவில்லை. பாக்கெட்டை எடுத்து வைக்காமல் கதவைச் சாத்தினேன்.

"பைக் பூச்சாண்டின்னு ஒண்ணு ஊருக்குள்ள சுத்துதாமே. யாரெல்லாம் பாத்திருக்கீங்க?" என்றேன்.

சிரித்தார்கள். தமிழழகனின் அம்மா அனிதா, "அதச் சொன்னாத்தான் டீச்சர் எம் புள்ள நாலு வாய் வாங்குறான்," என்றாள்.

"அவரு பேரு அழகேசன். குழாய்க்குப் பள்ளம் தோண்டுறது அவருதான். நீங்க குடிக்கப்போற தண்ணி அவரு தோண்டுன பள்ளத்துலதான் வரப்போவுது. முத்தமிழோட அப்பா. அந்தப் புள்ள இங்க ஒக்காந்து, பைக் பூச்சாண்டி வந்துருமோன்னு சோத்த மெல்லாம முழுங்குது. அது அவ அப்பான்னு அவளுக்குத் தெரியாது. நீங்க தெரிய வெக்கப் போறீங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 

"யாருன்னு தெரியாம சொல்லிட்டோம்," என்றாள் அனிதா.

"தெரியாத ஆளுன்னா சொல்லலாமா?"

"அது இல்ல டீச்சர். பயமுறுத்தாம எப்படித்தான் சாப்புட வெக்கிறது? எங்கம்மா எனக்கு அப்படித்தான் ஊட்டுனாங்க."

"பசிச்சா சாப்புடுவான். ஒரு வேள சாப்புடலன்னா ஒண்ணும் ஆயிராது. அத அப்புறம் பேசலாம். இப்ப நீங்க ஒண்ணு பண்ணணும். இன்னிக்கு வூட்டுக்குப் போயி புள்ளைகிட்ட, பைக் பூச்சாண்டின்னு யாரும் இல்ல, அம்மா பொய் சொல்லிட்டேன்னு சொல்லணும்."

இதைக் கேட்டதும் அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. அழகேசனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருந்தால்கூட உடனே போயிருப்பார்கள்.

"புள்ளைகிட்டயா? நான் பொய் சொன்னேன்னா? அப்புறம் நாளைக்கு எம் பேச்ச எப்படிக் கேப்பான்?" என்றாள் அனிதா.

"அது உங்க பாடு," என்று சொல்லிவிட்டு மாவுப் பாக்கெட்டுகளை எடுத்து வைத்தேன். அனிதா தன் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலே போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததுமே அங்கன்வாடிக்கு வந்துவிட்டேன். வாசலில் கோலம் போட்டோம், மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினோம். பிள்ளைகள் புதுத் துணியில் வந்திருந்தார்கள். ஒருவரும் பானையைப் பார்க்கவில்லை, எல்லோரும் ரோட்டைத்தான் பார்த்தார்கள். முத்தமிழ் கதவுக் கம்பியில் ஏறியே நின்றுவிட்டாள். அனிதா ஓரமாக நின்றாள். வீட்டில் சொன்னாளா இல்லையா என்று அவள் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

முதலில் சத்தம்தான் வந்தது. தரை லேசாக அதிர்ந்தது. அப்புறம் திருப்பத்தில் மஞ்சள் கை தெரிந்தது. வண்டியின் முன்பக்க வாளியில் கட்டுக் கட்டாகக் கரும்பும் மஞ்சள் கொத்தும் கட்டியிருந்தது. பிள்ளைகள் குதித்த குதியில் கோலம் காணாமல் போனது. அழகேசன் வண்டியை வாசலில் நிறுத்தி, அந்த மஞ்சள் கையை மேலே தூக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டிக் கும்பிடு போட வைத்தார். அம்மாக்கள்கூடக் கை தட்டினார்கள். முத்தமிழ் ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கி, "எங்கப்பா, எங்கப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பானையைப் பார்த்துக்கொண்டிருந்த சிந்தாமணி அக்காவையும் விடவில்லை.

கண்ணாடிக்குள் அவர் துண்டைச் சுற்றியபடியே உட்கார்ந்திருந்தார். நான் இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்பா, எறங்குப்பா. தமிழழகன் நம்பல," என்று முத்தமிழ் கத்தினாள்.

 அவர் இன்ஜினை அணைத்தார்.  படியில் கால் வைத்து இறங்கினார். மகள் முன்னால் வந்து நின்று, துண்டைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பிள்ளைகள் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். நர்மதா என் புடவைக்குள் நுழைந்தாள். யாரும் கத்தவில்லை. ஆனால் யாரும் வணக்கமும் சொல்லவில்லை. கோதுமை மாவில் படித்த பாடம் எங்கே போனதோ தெரியவில்லை. முத்தமிழ் சிரித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது.

தமிழழகன்தான் முன்னால் வந்தான். தலையைத் தூக்கி அழகேசனை நன்றாகப் பார்த்தான். "சாயங்காலம் பைக்ல போவீங்களே, அது நீங்கதானே?" என்றான்.

 அனிதா கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமா தம்பி. நான்தான்."

"வணக்கம். உங்க பேரு என்ன?"

"அழகேசன்."

"இது வலிக்குமா?"

"வலிக்காது."

"ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. தொட்டுப் பாக்கறியா?" அழகேசன் குனிந்தார்.

அவன் ஒரு விரலால் கன்னத்தில் இருந்த கட்டியைத் தொட்டான். "மெத்துன்னு இருக்கு," என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, அதைவிட முக்கியமான கேள்விக்கு வந்தான். "அந்தக் கைய நீங்களேதான் தூக்குனீங்களா? எந்தக் கம்பிய அமுக்குனா தூக்கும்?"

அவ்வளவுதான், அணை உடைந்தது போல ஆகிவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். மாட்டைத் தூக்குமா, பஸ்ஸைத் தூக்குமா, டீச்சரைத் தூக்குமா. நர்மதா என் புடவையிலிருந்து வெளியே வந்து மரியாதையாக வணக்கம் சொன்னாள், ஜேசிபியின் சக்கரத்துக்கு. அழகேசனுக்கு எந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்வதென்று தெரியவில்லை. நான் எதற்கு அழுகிறேன் என்று சிந்தாமணி அக்கா கேட்டார். புகை என்றேன். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் புகைதான் என்றார்.

அப்போதுதான் முத்தமிழ், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழழகனிடம் சொன்னாள். "பாத்தியா எங்கப்பாவ. இப்ப அந்த பைக் பூச்சாண்டி வரட்டும், எங்கப்பா தூக்கிப் போட்டுருவாரு."

அம்மாக்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அழகேசனின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெருவில் போகும்போது காதில் விழாமல் இருக்குமா? அது தன் பிள்ளை வாயிலிருந்து வரும் என்றுதான் அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

தமிழழகன் அவரைப் பார்த்தான். முத்தமிழைப் பார்த்தான். அம்மாவையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் கண்ணுக்கு நேரே கையை நீட்டிக் காட்டப்பட்ட ஆள்தான் எதிரில் நிற்கிறார்.

"பைக் பூச்சாண்டின்னு யாருமே கெடையாது," என்றான். "எங்கம்மா பொய் சொன்னாங்களாம். நேத்து சாரி கேட்டாங்க."

அனிதா அழுதுவிட்டாள். அவள் சொன்னதை அவன் ஒப்பித்தானா, அல்லது அந்த நேரத்தில் என்ன சொல்லவேண்டும் என்று அவனுக்கே பட்டதா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை.

"நெஜமாவா?" என்றாள் முத்தமிழ். யாராவது மறுப்பார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் மறுக்கவில்லை. அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ரகசியம் போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "அப்ப இனிமே நான் மெதுவா சாப்புடலாமாப்பா?"

அழகேசன் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "மெதுவா சாப்புடு சாமி," என்றார். "அப்பா ஒக்காந்திருக்கேன்."

பானை பொங்கியதை யாரும் பார்க்கவில்லை, பாதி அடுப்பில் வழிந்த பிறகுதான் கவனித்தோம். எல்லோருக்கும் இலை போட்டோம். மற்ற பிள்ளைகள் அவசரம் அவசரமாக விழுங்கிவிட்டு ஜேசிபியைச் சுற்ற ஓடினார்கள். முத்தமிழ் முந்திரியைத் தனியே எடுத்து வைத்தாள், திராட்சையைத் தனியே எடுத்து வைத்தாள், ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஒரு கதை சொன்னாள். வேலை நிற்கிறதென்று கான்ட்ராக்டர் போன் மேல் போன் செய்தார். அழகேசன் எடுக்கவே இல்லை, மகள் இலையை மடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.